முதல் கல் கைக்கு வர்ற நேரம்

— கையை எடுங்க மச்சான்.

— தொடலப்பா. பாத்துக்கிட்டுதானே இருக்கேன்.

— பாக்குற பார்வையிலயே ஸ்க்ரூ கழண்டுடும் போல. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்குறீங்க.

— தள்ளியாச்சு. இப்ப சொல்லு, பொழைக்குமா பொழைக்காதா?

— முதல்ல என்ன ஆச்சுன்னு நீங்க சொல்லுங்க. சிமெண்ட் சாக்குல சுத்தி ஒரு கம்ப்யூட்டரை என் மேஜையில வெச்சுட்டு சரி பண்ணுன்னா, நான் என்ன மந்திரவாதியா?

— புது சாக்கு மாப்ள. உதறிட்டுத்தான் சுத்தினேன். பட்டனை அமுக்கினா உள்ள ஃபேன் சுத்துது, லைட் எரியுது, டொப்புன்னு அணைஞ்சுடுது. அப்புறம் தானாவே மறுபடி எரியுது. மூணு தடவை இப்படி ஆட்டம் காட்டிட்டு சும்மா கெடக்குது. திரையில ஒரு புள்ளி கூட வரல.

— யாரோட மெஷின் இது?

— எங்க இஞ்சினியர் ஆபீஸோடது.

— அதை நீங்க ஏன் தூக்கிட்டு வந்தீங்க?

— தூக்குற வேலைன்னா வேற யாருக்குச் சொல்லுவாங்க? இருபத்திரெண்டு வருஷமா செங்கல் தூக்குறேன், இதைத் தூக்க மாட்டேனா? ...மாப்ள, மணி பன்னெண்டு ஆகப்போகுது. மூணு மணிக்குள்ள இது ஓடணும்.

— மூணு மணிக்கா?

— ஆமா. வீடு கட்டுறதுக்காக ஒரு புருஷன் பொண்டாட்டி வர்றாங்களாம். அவங்க வீடு இதுக்குள்ளதான் இருக்கு. காகிதத்துல கோடு போட்ட வீடு இல்ல. உள்ள நடந்தே பாக்கலாம். வாசல்ல நுழைஞ்சு, ரூம் ரூமாப் போயி...

— ஐயோ!

— என்னய்யா, ஸ்க்ரூவைக் கீழ போட்டுட்ட?

— கை வழுக்கிடுச்சு. ...இன்னைக்கு மூணு மணிக்குத்தானா? உறுதியா?

— உறுதிதான். உனக்கு ஏன் இப்படி வேர்க்குது?

— ஒண்ணுமில்ல, நேரம் கம்மியா இருக்கேன்னு பாத்தேன். சரி, கடைசியா இதுக்குள்ள யார் கை வெச்சது?

— படம் வரையுற ஆளு ஒருத்தன் இருக்கான். ஆபீஸ்ல புதுசு. பழைய ரேம்ல, வீட்டுக்குள்ள நடந்தா நின்னு நின்னு போகுதுன்னு புதுசா ஒரு ஜோடி வாங்கிப் போட்டான்.

— எங்க நிக்குது?

— சமையல்கட்டு வாசல்ல. போன மாசம் வேற ஒருத்தர் வீடு பாக்க வந்தாரு. சமையல்கட்டு வாசல் வந்ததும் படம் அப்படியே கல்லா நின்னுபோச்சு. அந்த ஆளு சிரிச்ச சிரிப்பு இருக்கே... “படத்துல இருக்குற வீட்டுக்குள்ளயே போக முடியல, இதை எங்க நிஜத்துல கட்டப் போறீங்க”ன்னு கேட்டுட்டு எழுந்து போயிட்டாரு.

— அய்யய்யோ.

— இஞ்சினியர் கண்டிப்பா சொல்லிட்டாரு. இன்னைக்கு வர்றவங்க தலையை ஆட்டினா, வரைஞ்சவனுக்கு மேஜையும் நாற்காலியும் நிரந்தரம். இன்னைக்கும் நின்னுபோச்சுன்னா, திங்கக்கிழமையிலேர்ந்து அவன் பழைய வேலைக்கே போயிடணும்.

— பழைய வேலை என்ன?

— ...ஏதோ ஒரு வேலை. நீ மூடியைக் கழட்டு.

— கழட்டியாச்சு. ...அடப்பாவி!

— என்ன, என்ன?

— எந்த மடையன் இதைச் சொருகினது?

— மடையன்னு எல்லாம் சொல்லாத மாப்ள. நல்ல மனுஷன்.

— நல்ல மனுஷன் நாலு ஸ்லாட் இருக்கும்போது ரெண்டு ரேமையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி வெப்பானா?

— ஜோடியாத்தானே பெட்டியில வந்தது? ஜோடியா வந்ததைப் பிரிப்பாங்களா? புதுசா கல்யாணமானவங்கள்ல ஒருத்தரை இந்தக் கோடியிலயும் ஒருத்தரை அந்தக் கோடியிலயுமா உக்கார வெப்பாங்க?

— அப்படின்னு அந்த ஆளு சொன்னானா?

— ...சொன்னான்.

— மச்சான், இது கல்யாண வீடு இல்ல. இங்க பாருங்க, இந்த முதல் ரெண்டும் ஒரே பாதை. அடுத்த ரெண்டும் இன்னொரு பாதை. ரெண்டு ரேமையும் ஒரே பாதையில சொருகினா, இன்னொரு பாதை சும்மா கெடக்கும். ரெண்டாவதுல ஒண்ணு, நாலாவதுல ஒண்ணு வெக்கணும்.

— இரு இரு. மேல கல்லு கொண்டுபோக ரெண்டு ஏணி கட்டி வெச்சிருக்கு. அத்தனை பேரும் ஒரே ஏணியில முட்டி மோதி ஏறுறாங்க. அப்படியா?

— அதேதான்! கடை திறந்த நாள்லேர்ந்து எனக்கு இதை இவ்வளவு சுருக்கமாச் சொல்ல வரல.

— அப்ப அவன் மடையன்தான்.

— இதுல படத்துக்குன்னு தனி கார்டும் இல்ல. அது இருந்தா அதுக்குச் சொந்தமா நினைவகம் இருக்கும். இதுல வீட்டைத் திரையில காட்டணும்னாலும் இந்த ரேம்கிட்டதான் வந்து கையேந்தணும். பாதை பாதியானா படமும் தடுமாறும்.

— தடுமாறட்டும். மெதுவாவாச்சும் ஓடணும்ல? ஏன் செத்துப்போச்சு?

— அதான் எனக்கும் புரியல. வேற என்ன பண்ணான்? டாக்டர்கிட்டயும் என்கிட்டயும் மறைக்கக் கூடாது.

— ...அது ஆரம்பிக்கும்போது ஒரு பட்டனை அமுக்கினா செட்டிங் பக்கம் ஒண்ணு வருமே.

— பயாஸ்.

— அதுல லேட்டன்ஸின்னு ஒரு இடம். பெட்டி மேல பதினெட்டுன்னு போட்டிருந்தது. யாரோ சொன்னாங்களாம், அந்த நம்பர் குறையக் குறைய வேகம் கூடும்னு. அதனால நான்... அவன், பத்துன்னு போட்டுட்டான்.

— பத்தா!

— அஞ்சு போடத்தான் இருந்தானாம். பேராசை வேணாம்னு பத்தோட விட்டானாம்.

— ரொம்பப் பெரிய மனசு. ...இந்தாங்க, இதைப் பிடிங்க.

— என்ன இது, சட்டை பட்டன் மாதிரி?

— பேட்டரி. இதைக் கழட்டி அஞ்சு நிமிஷம் வெச்சா அவன் எழுதின பத்து, கித்து எல்லாத்தையும் மெஷின் மறந்துடும்.

— வீட்டையுமா?!

— பதறாதீங்க. வீடு வேற இடத்துல பத்திரமா இருக்கு. இது செட்டிங்கை மட்டும்தான் மறக்கும்.

— உசுரு வந்தது. ...மூணு வருஷம் மாப்ள. வேலை முடிஞ்சு எல்லாரும் கை கால் கழுவிட்டுக் கெளம்பினப்புறம், ஆபீஸ்ல தனியா உக்காந்து கத்துக்கிட்டான். மவுஸைப் பிடிச்சா விரல் நிக்காது. கோடு போட்டா பாம்பு ஓடும்.

— அவன் வீட்டுல சந்தோஷப்படுறாங்களா?

— யாருக்கும் தெரியாது. வேலை நிலைச்சப்புறம் சொல்லிக்கலாம்னு இருக்கான். இப்பவே சொல்லி, நாளைக்குக் கவுந்துட்டா அசிங்கம்ல?

— அதுவும் சரிதான். சொல்ல வேண்டிய நேரம் வரைக்கும் சில விஷயத்தைச் சொல்லாம வெக்குறது தப்பில்ல.

— நீ ஏன் இதைக் குற்றவாளி மாதிரி சொல்ற?

— பொதுவாச் சொன்னேன் மச்சான்! பொதுவா.

— சரி, பொதுவா இன்னொண்ணு சொல்லு. நம்பர் குறைஞ்சா நல்லதுன்னு சொன்னது பொய்யா?

— பொய்யில்ல, அரைகுறை. ப்ராசசர் ரேம்கிட்ட ஒண்ணு கேக்குது. கேட்டதுக்கும் அது வந்து சேர்றதுக்கும் நடுவுல...

— கொத்தனாரு மேலேருந்து “கல்லு!”ன்னு கத்துறாரு. கீழேருந்து முதல் கல்லு அவரு கைக்கு வர்ற நேரம்.

— ஆங்! அதுதான் லேட்டன்ஸி.

— அதுக்கப்புறம் கைமாத்திக் கைமாத்தி வரிசையாக் கல்லு வந்துக்கிட்டே இருக்குற வேகம் வேற.

— அதுதான் பெட்டி மேல பெருசாப் போட்டிருக்குற மூவாயிரத்து அறுநூறு. மச்சான், பேசாம நீங்க இந்த நாற்காலியில உக்காருங்க, நான் சாக்கை எடுத்துக்கிட்டுக் கெளம்புறேன்.

— போடா, கிண்டல் பண்ணாத. அந்தப் பதினெட்டு என்னன்னு சொல்லு.

— பதினெட்டு தட்டு. உள்ள ஒரு தாளம் ஓடிக்கிட்டே இருக்கும். கேட்டதுலேர்ந்து பதினெட்டு தட்டுல முதல் கல்லு கையில இருக்கும்னு கணக்கு. உங்க ஆளு பத்தாவது தட்டுலயே கையை மூடச் சொல்லிட்டான்.

— கல்லு இன்னும் பாதி வழியில வருது. கையில காத்துதான் இருக்கு.

— அந்தக் காத்தைக் கல்லுன்னு நம்பி சுவரு எழுப்புது.

— சரியாம என்ன பண்ணும்! ...நான் மேஸ்திரியா இருந்தா இவனை அன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பியிருப்பேன்.

— விடுங்க, பாவம். பேட்டரியைக் கொடுங்க. ரேமைப் பிரிச்சு வெச்சாச்சு. பட்டனை நீங்களே அமுக்குங்க.

— நானா? நீயே அமுக்கு மாப்ள.

— அமுக்குங்க மச்சான்.

— ...எரியுது. ...சுத்துது. ...இப்ப அணையும் பாரு. ...அணையலையே!

— அணையாது.

— வந்துடுச்சு! எழுத்து வந்துடுச்சு! மாப்ள, உன் கைக்கு மோதிரம் போடணும்டா!

— முதல்ல இதைப் பாருங்க. இப்ப என்ன வேகத்துல ஓடுதுன்னு. ரெண்டாயிரத்து நூத்தி முப்பத்திமூணு.

— பெட்டியில மூவாயிரத்து அறுநூறுன்னுல்ல போட்டிருக்கு? ஏமாத்திட்டாங்களா?

— இல்ல. பெட்டியில போட்டிருக்குறது அதால ஓட முடியுற வேகம். ஓடுன்னு நாம சொல்லாத வரைக்கும் அது அடக்க ஒடுக்கமாத்தான் நடக்கும்.

— எங்க சைட்லயும் அப்படி ரெண்டு பேரு இருக்கானுங்க. மேஸ்திரி தலை தெரிஞ்சாத்தான் காலே நகரும்.

— அந்த மேஸ்திரி இந்தச் செட்டிங். இதோ, மூவாயிரத்து அறுநூறுக்குத் தூக்கியாச்சு, பதினெட்டு தட்டு. இப்ப வீட்டைத் திறந்து நடந்து பாருங்க.

— வா, நீயும் பாரு. அழகா இருக்கும்.

— இல்ல, நான் இந்தப் பக்கம் திரும்பி நிக்கிறேன்.

— ஏன்?

— கண்ணு கூசுது.

— கம்ப்யூட்டர் கடைக்காரனுக்குத் திரையைப் பாத்தா கண்ணு கூசுதா? மீன்காரனுக்கு மீன் வாடை ஆகலைங்குற மாதிரி இருக்கு!

— ஓடுதா, நிக்குதா, அதை மட்டும் சொல்லுங்க.

— வாசல்... ஓடுது. பக்கத்துல ஒரு பெரிய மரம். அதை வெட்டக் கூடாதுன்னு அவங்க சொன்னதால, வீட்டையே கொஞ்சம் வளைச்சு...

— ஓடுதா, நிக்குதா!

— ஓடுதுய்யா, ஏன் கத்துற? கூடம்... ரெண்டு பக்கமும் ஜன்னல். காலையில வெயிலு இப்படி வந்து இப்படி விழும்...

— மச்சான், நான் காதையும் பொத்திக்கணுமா?

— உனக்கு என்னமோ ஆகிப்போச்சு. ...சமையல்கட்டு வாசல். மாப்ள... மாப்ள! போயிடுச்சு! வெண்ணெயில கத்தி போன மாதிரி உள்ள போயிடுச்சு!

— நிக்கலையே?

— நிக்கல! இப்ப மாடிப்படி. ஒண்ணு... ரெண்டு... மூணு... ...

— என்ன சத்தத்தைக் காணோம்?

— நீலமாயிடுச்சு. திரை பூரா நீலம். நடுவுல ஏதோ எழுத்து.

— அடடா. ...சரி, உக்காருங்க. இப்படி உக்காருங்க மச்சான்.

— மூணாவது படியில நின்னு பாத்தா எனக்குத் திங்கக்கிழமைதான் தெரியுது.

— உங்களுக்கா?

— ...அவனுக்கு. அவனுக்குத் தெரியும்னு சொன்னேன்.

— நான் சொல்றதைக் கேளுங்க. ரேம்ல கோளாறு இருக்குற மாதிரி தெரியல. இந்த போர்டு பழசு, அந்த வேகத்தை இதால தாங்க முடியல. மூவாயிரத்து இருநூறுக்கு இறக்கிடுவோம்.

— இறக்குறதா? இறக்கினா மறுபடி சமையல்கட்டு வாசல்ல போயி நிக்குமே! அந்த ஆளு சிரிச்ச மாதிரி இவங்களும்...

— இவங்க சிரிக்க மாட்டாங்க.

— உனக்கெப்படித் தெரியும்?

— ...ஒரு நம்பிக்கைதான். இங்க பாருங்க, வேகம் மூவாயிரத்து இருநூறு, தட்டு பதினாறு. முன்ன மூவாயிரத்து அறுநூறு, பதினெட்டு.

— இரு. நீ பேசாத. நானே பாக்குறேன். ...தாளத்தை வேகமாத் தட்டினா பதினெட்டு தட்டு. கொஞ்சம் நிதானமாத் தட்டினா பதினாறு தட்டு. தட்டுக்குத் தட்டு இடைவெளி பெருசாகுது, ஆனா எண்ணிக்கை குறையுது. ...அடேய், முதல் கல்லு ரெண்டுலயும் ஒரே நேரத்துலதான் கைக்கு வருது!

— ஒரு துளி வித்தியாசம் கிடையாது.

— அப்ப வெறும் நம்பரை வெச்சு ஒண்ணும் சொல்லக் கூடாது. தாளத்தோட சேத்துத்தான் எண்ணணும்.

— அப்புறம் வர்ற வரிசை மட்டும் கொஞ்சம் மெதுவா வரும். இப்ப ரெண்டு ஏணியிலயும் ஆள் ஏறுறதால உங்களுக்கு அது தெரியாது. என்ன சொல்றீங்க, இறக்கவா?

— ...தலையில பன்னெண்டு கல்லு வெச்சு எவன் வேணா ஒரு தடவை தூக்கிக் காட்டலாம். வேடிக்கை பாக்குறவன் கைதட்டுவான். நாள் பூரா தூக்கணும்னா பத்துதான். பத்து வெச்சுத் தூக்குறவன்தான் சாயங்காலம் தன் கால்ல நடந்து வீட்டுக்குப் போவான். இறக்கு மாப்ள.

— இறக்கியாச்சு. இப்ப ஒரு சோதனை ஓட்டுறேன். ஒரு தப்பு இருந்தாலும் செவப்புல காட்டும். அரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் மெஷினைத் தடவிக் கொடுக்காம இருங்க.

— நான் எங்க தடவினேன்?

— இப்ப தடவிக்கிட்டு இருக்கீங்களே!

— ...சூடா இருக்கான்னு பாத்தேன். எவ்வளவு ஆச்சு?

— ரெண்டு நிமிஷம்.

— ...இப்ப?

— மச்சான்!

— சரி, கேக்கல. தெருவைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். ...அந்த எதிர்க் கட்டடத்துச் சுவரைப் பாத்தியா, ஒரு நூல் சாஞ்சிருக்கு. எவன் கட்டினானோ.

— எல்லாரையும் குறை சொல்லுங்க, பொழுது போகும். ...ம். ...ம்ம். ...முடிஞ்சது, வாங்க.

— எத்தனை தப்பு?

— பூஜ்யம்.

— பூஜ்யம்னா நல்லதா?

— இன்னைக்கு இதைவிட நல்ல நம்பர் கிடையாது. நடங்க உங்க வீட்டுக்குள்ள. நான் சுவரைப் பாத்துக்கிறேன்.

— வாசல்... கூடம்... சமையல்கட்டு, போயாச்சு! மாடிப்படி. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு... மாப்ள, மொட்டை மாடிக்கே வந்துட்டேன்டா! இறங்குறேன், மறுபடி ஏறுறேன்! நிக்கவே மாட்டேங்குது!

— சந்தோஷத்துல மாடியிலேருந்து குதிச்சுடாதீங்க.

— ஏங்க, இன்னும் சட்டை கூட மாத்தலையா நீங்க? மூணு மணிக்கு அங்க இருக்கணும்னு காலையிலேர்ந்து சொல்லிக்கிட்டு... அண்ணே! நீ இங்க எங்க?

— வா தங்கச்சி. நான் இருக்குறது இருக்கட்டும், நீ எங்க இவ்வளவு பளபளன்னு கெளம்பிட்ட?

— கல்யாணத்துக்கு.

— பல் டாக்டர்கிட்ட மச்சான்.

— ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொன்னா எதை எடுத்துக்குறது? கல்யாணமா, பல்லா?

— பல் டாக்டருக்குத்தான்ணே கல்யாணம்.

— அடேங்கப்பா. சரி, மொய் எழுதிட்டு மெதுவாப் பல்லைக் காட்டுங்க. தங்கச்சி, ஒரு நிமிஷம் இதைப் பாத்துட்டுப் போ. ஒரு வீடு.

— வேணாம் மச்சான்! அவளுக்கு நேரமாச்சு!

— ஏய், நீ சுவரைப் பாரு, அவ பாக்கட்டும். இதோ பாரும்மா, இதான் வாசல். இந்த மரத்தைக் காப்பாத்தத்தான் வீட்டையே...

— ...ஏங்க! இது நம்ம மரம்ங்க!

— நம்ம மரமா?

— மரம்னா எல்லாம் நம்ம மரந்தானேண்ணே.

— என்ன தங்கச்சி, நீயும் சுவரைப் பாக்க ஆரம்பிச்சுட்ட?

— கோவிச்சுக்காதண்ணே. மூணு மணிக்கு உங்க ஆபீஸுக்கு வர்ற புருஷன் பொண்டாட்டி நாங்கதான்.

— நீங்களா?

— உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு உங்க இஞ்சினியர்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தோம்.

— ஏன், நான் என்ன கண்ணு வெச்சுடுவேனா?

— கண்ணு வெக்க மாட்ட, முதுகை வெச்சுடுவ. தங்கச்சி வீடு கட்டுறான்னு தெரிஞ்சா ஞாயித்துக்கிழமை கூட வந்து கல்லு தூக்குவ. போன வருஷம் பத்து நாள் எழுந்திருக்க முடியாம கெடந்தியே, மறந்துடுச்சா? வேற ஆளுங்களைப் பேசி முடிச்சு, அஸ்திவாரம் போட்டப்புறம் சொல்லலாம்னு இருந்தோம்.

— அதான் மாப்ள ரெண்டு மணி நேரமா சுவருக்கு முகத்தைக் காட்டிக்கிட்டு நின்னானா!

— இவ இல்லாம நான் முதல்ல பாத்தேன்னா, கட்டி முடிச்ச வீட்டுக்குள்ளயும் என்னை விடமாட்டேன்னு சொல்லியிருக்கா மச்சான். சத்தியமா நான் பாக்கலடி. கேட்டதுகூட பாதிதான்.

— ...திரும்புய்யா. ரெண்டு பேரும் இப்படி வந்து உக்காருங்க. தங்கச்சி, இந்த மவுஸை நீயே பிடி. மெல்லத் தள்ளு, போகும்.

— கூடம்... எவ்வளவு வெளிச்சம்! சமையல்கட்டு... ஏங்க, இங்க பாருங்களேன், பாத்திரம் கழுவுற இடத்துல ஜன்னல்! தொட்டியும் அடுப்பும் என்னை மாதிரி இடது கைக்காரிக்குத் தோதா வெச்சிருக்கு. நாம இதை யார்கிட்டயும் சொல்லவே இல்லையே?

— நான் சொல்லல. நீ?

— நானும் சொல்லல. அண்ணே, தலையை ஆட்டினாப் போதுமா, எழுதிக் கொடுக்கணுமா? எனக்கு இந்த வீடுதான் வேணும், ஒரு செங்கல் கூட மாத்தக் கூடாது.

— மச்சான், அந்த ஆளை நீங்க வந்ததுலேர்ந்து நான் வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். அவர் நம்பரைக் கொடுங்க, பேசணும்.

— ஆமாண்ணே, யாரு அவரு? என்னைக் கண்ணால கூடப் பாக்காம எப்படி இதெல்லாம் தெரிஞ்சது?

— யாருக்கு வீடுன்னு இஞ்சினியர் சொல்லல. சமையல்கட்டுல ஒரு ஆளை மனசுல நிக்க வெச்சுப் பாக்காம எனக்கு வரைய வராது... உன்னைத்தான்மா நிக்க வெச்சேன்.